என் ரத்தம், உன் ஈரல்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். முட்டி வலியைத் தவிர சாமி புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கேன். நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூணு பேரும் நல்லா இருக்கணும்.

கையில போனை வெச்சுக்கிட்டு எதுக்குக்கா கடுதாசின்னு கேப்ப. போன்ல நீ "சரிக்கா, சரிக்கா, வெச்சிடட்டுமா"ன்னு என்னைக் கழட்டி விட்டுடுற. கடுதாசியை அப்படிப் பாதியில வெக்க முடியாது பாரு. அதுவுமில்லாம இந்த ஹாஸ்டல் சலவை ரூம்ல மிஷின் போடுற சத்தத்துல நீ பேசுறது பாதி என் காதுல விழாது. படுக்கை விரிப்பெல்லாம் உள்ள சுத்திக்கிட்டு இருக்கு. மடிக்கிற மேசையில உக்காந்து எழுதுறேன்.

பெரிய மாத்திரைகளை எல்லாம் டாக்டர் நிறுத்திட்டாருன்னு சொன்னியே, அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்ல, சந்தோஷத்துல. என் உடம்புல இருந்து மிஷின் வெச்சு எடுத்து உனக்கு ஏத்தின ஸ்டெம் செல், புது ரத்தம் ஊற வெக்கிற விதை, இப்ப உன் உடம்போட ஒத்துப்போயிடுச்சு. ரத்தப் புத்துநோயை ஜெயிச்சுட்ட. சாமிகிட்ட நான் அழுத அழுகைக்கு அவரு காது கிழிஞ்சிருக்கும்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த ஈரல் மாத்திரை சாப்பிடுறியா? ஆஸ்பத்திரி ரூம்ல டாக்டர் உக்கார வெச்சுச் சொன்னாரே. எப்பவோ வந்த மஞ்சக்காமாலைக் கிருமி உன் ஈரல்ல தூங்குது, புது ரத்தத்துக்கு அதை அடையாளம் தெரியாது, முழிச்சா ஈரலைத் தின்னுடும்னு. மத்த மாத்திரையை நிறுத்தினாலும் இதை நானா சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு. உன் வீட்டுக்காரி அப்ப கீழ மருந்து வாங்கப் போயிருந்தா. நாம ரெண்டு பேருதான் கேட்டோம்.

பதில் போடு. குட்டிக்கு இந்த அத்தையோட முத்தம்.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். எல்லாரும் சுகம். உன் முட்டிக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடு, சாமி வந்து பிடிச்சு விடுவாருன்னு உக்காந்திருக்காத.

பெயிண்ட் பட்டறைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். ஸ்ப்ரே பக்கம் போக வேண்டாம்னு முதலாளி எனக்கு எழுத்து வேலை குடுத்திருக்காரு. லாரிக்குப் பின்னாடி "இடைவெளி விட்டு வரவும்"னு எழுதுறேன். எழுதி முடிச்சதும் பசங்க எல்லாரும் என்னை விட்டு ரெண்டடி தள்ளி நிக்கிறானுங்க. கேலி.

முடி திரும்ப வளந்துடுச்சு. உன்னை மாதிரியே சுருட்டை! குட்டி சொல்றா, "அப்பா, இப்பல்லாம் நீங்க அத்தை மாதிரியே தொணதொணங்குறீங்க, ரத்தம் பேசுது"ன்னு. உன் தம்பி பொண்டாட்டியும் சிரிக்கிறா. துணிக்கடையில பில் போடுற வேலையில அவளுக்குச் சம்பளம் ஏத்தியிருக்காங்க.

வேற விசேஷம் இல்ல. உடம்பைப் பாத்துக்கோ.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கன்னு எழுதியிருக்க, நம்பிக்கிட்டேன்.

முடி எழுதின. முதலாளி எழுதின. லாரிக்குப் பின்னாடி என்ன எழுதினன்னு கூட எழுதின. மாத்திரை எங்கடா? தலைகீழா பிடிச்சுப் பாத்துட்டேன், அந்தப் பக்கமும் திருப்பிப் பாத்துட்டேன், அந்த வார்த்தையே காணோம்.

சின்ன வயசுலயே நீ இப்படித்தான். "கை கழுவினியா"ன்னு கேட்டா "அக்கா, வெளிய மாடு கன்னு போட்டிருக்கு"ம்ப. எனக்கு மாடும் வேணாம், கன்னும் வேணாம். சாப்பிடுறியா, இல்லையா? ஒரு வார்த்தை. கார்டுல எழுதிப் போட்டாக் கூடப் போதும்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நலம். கோவிச்சுக்காத.

நிறுத்திட்டேன். மத்ததை டாக்டர் நிறுத்தின அன்னைக்கே அதையும் நிறுத்திட்டேன். கையில அள்ளி அள்ளி முழுங்கி அலுத்துப் போச்சுக்கா. ஒரு நாளாவது காலையில எழுந்து, ஒண்ணும் முழுங்காம, பல்லு விளக்கிட்டு வேலைக்குப் போற மனுசனா இருக்கணும்னு தோணுச்சு.

நான் யோசிக்காம செய்யல. என் ரத்தம் இப்ப என்னோடது இல்ல, உன்னோடது. குரூப்பே மாறி, கார்டுல உன் குரூப்பைத்தான் போட்டிருக்காங்க. உனக்கு அந்தக் கிருமி எந்தக் காலத்துலயும் கிடையாது. டெஸ்ட் பண்ணித்தானே உன்னை எடுத்தாங்க? அப்ப எனக்குள்ள ஓடுறது சுத்தமான ரத்தம். பழைய ரத்தத்தோட பழைய கிருமியும் போச்சு. நீதானே ஆஸ்பத்திரியில வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் "என் தம்பிக்கு இது புது ஜென்மம்"னு சொல்லிக்கிட்டிருந்த?

கொஞ்சம் அசதி இருக்கு. வெயில் அப்படி. தின்னர் வாசனை வேற வயித்தைப் புரட்டுது. மத்தபடி ஒண்ணுமில்ல.

தம்பி


ஏப்ரல் 9

டேய்,

நலம் விசாரிக்க இன்னைக்கு எனக்குப் பொறுமை இல்ல. சாமி மன்னிக்கட்டும், உன் கடுதாசியைப் படிச்சுட்டு என் வாயில வந்த வார்த்தைய மிஷின் சத்தம்தான் காப்பாத்துச்சு. இல்லன்னா ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் ரூமை விட்டு வெளிய ஓடி வந்திருக்கும்.

என் ரத்தத்தைச் சாட்சிக்கு இழுக்காத! நான் ரத்தம் குடுத்தேன். ஈரல் குடுத்தேனா? ரத்தம் புதுசு. ஈரல் உன் பழைய ஈரல்தான், அதே வீடு, அதே சுவரு, கிருமி அங்கதான் சுருண்டு கெடக்கு. இங்க ஒரு பொண்ணு தலகாணி முழுக்க மூட்டைப்பூச்சியோட வந்துச்சு. புது உறை போட்டுக் குடுங்க ஆன்ட்டின்னுச்சு. போட்டுக் குடுத்தேன், வெள்ளை வெளேர்னு. மறுநாள் கழுத்தெல்லாம் தடிப்பு. உறைய மாத்தினா பூச்சி எழுந்து போயிடுமாடா?

அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸம்மாவுக்கு என்னை ஞாபகம் இருக்கு, அதிகமா பேசின டோனர்னு. விசயத்தைச் சொன்னதும் அவங்க குரலே மாறிடுச்சு. உடனே வரச் சொல்லுங்க, ரத்தம் எடுத்துப் பாக்கணும், ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாதுன்னாங்க. அசதிக்கும் வயித்துப் புரட்டலுக்கும் வெயில் மேல பழி போடாத.

அப்புறம் அவங்களே கேட்டாங்க: வீட்டுல இருக்கவங்களுக்கு டெஸ்ட் எடுத்து ஊசி போட்டாச்சான்னு. டிஸ்சார்ஜ் பண்ணும்போதே டாக்டர் உன்கிட்ட சொன்னாராமே. ரத்தத்துல பரவும், புருசன் பொண்டாட்டிக்குள்ள பரவும், ஷேவ் பண்ற பிளேடுல பரவும். உன் வீட்டுக்காரிக்கும் குட்டிக்கும் போட்டாச்சு இல்ல? அதைச் சொல்லு.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் நலத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போறேன். வேலை கொஞ்சம் நெருக்கடி, முடிஞ்சதும் போறேன்.

இனிமே கடிதத்தை வீட்டுக்குப் போட வேண்டாம். பட்டறை விலாசத்துக்குப் போடு. கீழே எழுதியிருக்கேன்.

தம்பி


மே 24

தம்பிக்கு,

நீ கேட்ட மாதிரியே பட்டறைக்குத்தான் போடுறேன். இந்த ஒரு தடவை மட்டும்.

உன் கடுதாசி ரெண்டு நாளா மடிக்கிற மேசையில கெடந்துச்சு. இவன் எதுக்கு விலாசத்தை மாத்தணும்னு யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சது. ஒரு விரிப்பை ஈரத்தோடயே மடிச்சு வெச்சுட்டேன்.

அவளுக்குத் தெரியாது. அப்படித்தானே? இத்தனை மாசமா உன் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாது. அந்த மாத்திரைய என்னன்னு சொல்லி வெச்சிருந்த? சத்து மாத்திரையா? உன் பொண்ணு உன் ரேசரை எடுத்துக் கால் முடி வழிக்கிற வயசுல இருக்காடா!

ஆஸ்பத்திரியில அவ தரையில படுத்தா. உன் வாந்திய வெறுங்கையில வாரினா. என்கிட்ட "அண்ணி, உங்களுக்கு ஜென்மத்துக்கும் கடன்பட்டிருக்கேன்"னு அழுதா. நான் போய் மிஷின்ல படுத்திருந்தது அரை நாளு. அவ நின்னது எத்தனை மாசம்? அந்தப் பொம்பளைக்கு நீ குடுத்த மரியாதை இதுதானா?

நீ சொல்லு. நீ சொல்லலன்னா பஸ் ஏறி வந்து நான் சொல்வேன். எதுக்கு நேர்ல வரேங்குறேன்னா, இதைப் போன்ல கேட்டா அவ தனியா நிப்பா. உன் பதிலுக்குக் காத்திருக்கேன்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

நீ நல்லா இருக்கியா? நான் இருக்கேன்.

நீ வராத. நானே சொல்றேன். குட்டிக்குப் பரீட்சை நடக்குது, முடியட்டும்.

நீ திட்டின எல்லாத்துக்கும் எனக்கு ரோசம் வரணும். வரல. ஏன் மறைச்சேன்னு சொல்றேன். போன வருசம் இங்க நம்பர் பிளேட் எழுதுற ஒருத்தர் இருந்தாரு, என்னை விடப் பெரியவரு. ரத்த தானம் குடுக்கப் போன இடத்துல அவருக்கு இதே கிருமின்னு தெரிஞ்சுது. அவரு வெள்ளந்தியா வந்து எங்ககிட்ட சொல்லிட்டாரு. மறுநாளே முதலாளி அவரு டம்ளர் அடியில சிவப்புப் பெயிண்ட்ல ஒரு வட்டம் போட்டாரு. டீக்காரன் அந்த டம்ளரைத் தனியா ஜன்னல்ல வெப்பான். அப்புறம் அவரு கை பட்ட பிரஷ்ஷை யாரும் தொடல. ஒருத்தன் கேட்டான், "என்னண்ணே, எங்க போய் வாங்கிட்டு வந்தீங்க?" எல்லாரும் சிரிச்சானுங்க. கொஞ்ச நாள்ல அவரு வேலைக்கு வர்றதை நிறுத்திட்டாரு.

அந்தக் கேள்விய அவ கேட்டா நான் என்னக்கா சொல்ல? எங்க போய் வாங்கின? டாக்டருக்கே தெரியல. பிறக்கும்போதே வந்திருக்கலாம், சின்ன வயசுல போட்ட ஊசியில வந்திருக்கலாம்னாரு. நம்புவாளா? "லாம் லாம்"னு சொன்னா எந்தப் பொண்டாட்டி நம்புவா? மாத்திரைய நிறுத்திட்டா அந்தக் கிருமி எனக்கு இல்லவே இல்லன்னு ஆயிடும்னு இருந்துச்சு. உன் ரத்தம்னு நினைச்சுக்கிட்டா இன்னும் சுலபமா இருந்துச்சு.

கண்ணு லேசா மஞ்சளா தெரியுது. மஞ்சப் பெயிண்ட் அடிச்ச வண்டி பக்கத்துல நின்னதால அப்படின்னு நினைச்சேன். வண்டி போயி ஒரு வாரமாச்சு.

சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு.

தம்பி


ஜூன் 29

அண்ணிக்கு,

நலம் விசாரிக்குற நெலமையில நான் இல்ல.

உங்க தம்பி பட்டறையில மயங்கி விழுந்துட்டாரு. தூக்கிட்டு வந்தாங்க. உடம்பெல்லாம் மஞ்சள். ரத்த டெஸ்ட்ல ஈரல் நம்பர் ஆயிரத்துக்கு மேல, நாப்பதுக்குள்ள இருக்கணுமாம். நேத்து என்னை அடையாளம் தெரியாம "யாரு நீங்க"ன்னு கேட்டாரு. ஈரல் தாங்கலன்னா வேற ஈரல் வெக்கணும், இவரு உடம்பு அதைத் தாங்குமான்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு.

வராண்டாவுல நின்னு அந்த டாக்டர் என்னைக் கேட்டாரு: "ஹெபடைடிஸ் பி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா? மாத்திரைய ஏன் நிறுத்த விட்டீங்க?" நாலு பேர் பாக்க நான் முழிச்சேன். சத்து மாத்திரைன்னுதான் என்கிட்ட சொல்லியிருந்தாரு. தீந்து போச்சு, இனிமே வேணாம்னு சொன்னாருன்னதும் நானும் சரின்னுட்டேன்.

பட்டறையில அவரு பெட்டியில உங்க கடுதாசி எல்லாம் இருந்துச்சு. நீங்களும் அந்த ரூம்ல இருந்தீங்களாமே, அண்ணி. உங்களுக்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். உங்க சாமிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மே மாசமே பஸ் ஏறி வரேன்னு எழுதியிருக்கீங்க. எங்க வந்தீங்க? இந்தக் கடுதாசிய அவரு பேருக்குப் போட்டதுக்கு என் பேருக்குப் போட்டிருந்தா, கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்.

எங்களுக்கும் ரத்தம் எடுத்தாங்க. குட்டிக்கு ஒண்ணுமில்ல, முதல் ஊசி போட்டாச்சு. எனக்கு எப்பவோ வந்து, தானாப் போயிடுச்சாம். எப்ப வந்துச்சுன்னு தெரியாது. அவருகிட்ட இருந்து எனக்கா, என்கிட்ட இருந்து அவருக்கா, அதுவும் தெரியாது. யாரும் சொல்ல முடியாதாம். எங்க போய் வாங்கினன்னு நான் கேப்பேன்னு அவரு பயந்தாராம், உளறலுக்கு நடுவுல சொன்னாரு. அவரு என்னைக் கேட்டா நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கும் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேருமா உக்காந்து மாத்திரையைப் போட்டிருப்போம். அவ்வளவுதான் விசயம்.

வேற எழுத எனக்கு ஒண்ணும் இல்ல.


ஜூலை 3

அம்மாடிக்கு,

அண்ணி எழுதுறேன். உன் பேருக்கு, உன் வீட்டு விலாசத்துக்கு.

ஏன் உன்கிட்ட சொல்லலன்னு கேட்டிருக்க. ஒரே வீட்டுல, ஒரே செம்புல தண்ணி மொண்டு மாத்திரை முழுங்குறவன் பொண்டாட்டிகிட்ட அது என்னன்னு சொல்லியிருக்க மாட்டான்னு என் புத்திக்கு எட்டல. தெரிஞ்சப்புறமும், நானே சொல்றேன்க்கான்னான், நம்பி உக்காந்துட்டேன். நீ இன்னும் திட்டு. வாங்கிக்கிறேன். ஆனா பாதித் திட்டை அவனுக்கு மிச்சம் வை, அவன் எழுந்து உக்காந்து கேக்கணும்.

சாமி படத்துக்கு முன்னாடி நின்னு கத்திட்டேன். அன்னைக்கு "ரத்தம் குடு, ரத்தம் குடு"ன்னு கேட்டேன், குடுத்த. ஈரலுன்னு தனியாக் கேக்கணும்னு எனக்குத் தெரியாது, உனக்குமா தெரியாதுன்னு. அவரு சும்மா பாத்துக்கிட்டிருக்காரு. நான் பூவெல்லாம் எடுத்துட்டேன். அவன் உன்னை அடையாளம் கண்டு பேரு சொல்லிக் கூப்பிடட்டும், அப்புறம் வெக்கிறேன்.

வேற ஈரல் வேணும்னா என்னுதுல ஒரு துண்டு எடுக்கலாமான்னு டாக்டரைக் கேளு. வயசாச்சுன்னு சொன்னாலும் இன்னொரு தடவை கேளு. நான் தரேன்னு சொன்னதை அவன்கிட்ட மட்டும் சொல்லாத. அக்கா இருக்கா, உதிரிப் பாகம் வாங்கிக்கலாம்னு திரும்பவும் தைரியம் வந்துடும் அந்தக் கழுதைக்கு.

நாளைக்கு பஸ் ஏறுறேன். நீ பேச வேணாம். வராண்டாவுல ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி என் கையாலேயே எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், லாரியில எழுதினா வேலைய விட்டு எடுத்துடுவாங்க. நீ ஊருக்குப் போய்ச் சேந்தியா? முட்டி எப்படி இருக்கு?

பிழைச்சுட்டேன்னு டாக்டர் சொல்றாரு. நம்பர் இறங்கிக்கிட்டே வருது. வேற ஈரல் வேணாம், இருக்குறதே தேறிடும்னாரு. அந்த மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சாச்சு. இந்தத் தடவை எப்ப நிறுத்துறதுன்னு என்கிட்ட சொல்லல, அவகிட்ட சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்துட்டேன்.

அவ என்னோட பேசுறதில்லக்கா. விடியக்காலையில வெறும் வயித்துல மாத்திரையும் தண்ணியும் கொண்டு வரா. நான் முழுங்குற வரைக்கும் நிக்கிறா. போயிடுறா. குட்டிகிட்ட சொல்லி அனுப்புறா, "அப்பாவை சாப்பிடச் சொல்லு"ன்னு. நான் மூணு அடி தூரத்துலதான் இருக்கேன்.

நீ சொன்னா கேப்பா. உன் மேல இருந்த கோவம் அவளுக்குத் தணிஞ்சுடுச்சு. எனக்காக ஒரு வார்த்தை எழுது. மன்னிச்சுடச் சொல்லு. உன் கால்ல விழுந்து கேக்குறேன்.

தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு,

அக்கா சுகம். உன் நம்பர் இறங்கினது சந்தோஷம். சாமிக்குப் பூ வெச்சாச்சு.

எழுத மாட்டேன்.

ரத்தத்துக்கு நான், மாத்திரைக்கு அவ, சாமிகிட்ட பேச நான், இப்ப அவகிட்ட பேசவும் நானா? உனக்குன்னு வேலையே கிடையாதாடா? அவ கோவம் என் மேல தணிஞ்சுடுச்சுன்னு உனக்கு யாரு சொன்னது? ஆஸ்பத்திரி வராண்டாவுல முதல் நாலு நாளு எனக்கும் முதுகைத்தான் காட்டினா. அஞ்சாவது நாள் ஒரு கப் காப்பிய என் பக்கத்துல வெச்சுட்டுப் போனா. நான் யாரையும் தூது அனுப்பல. கெஞ்சவும் இல்ல. அங்கேயே உக்காந்திருந்தேன்.

அவளே எனக்குப் போன் பண்ணினா, ஞாயித்துக்கிழமை. குட்டிய கூட்டிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகணுமாம். உன்னைப் பாக்காம கொஞ்ச நாள் இருக்கணுமாம். "மாத்திரை குடுக்க ஆளு வேணும் அண்ணி, உங்களால வர முடியுமா?"ன்னு கேட்டா. வரேன்னு சொல்லிட்டேன். ஹாஸ்டல்ல லீவு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில நான் வந்ததும் அவ கிளம்புவா.

தம்பியப் பாத்துக்க வரேன்னு நினைச்சுக்காத. அவளை அனுப்பி வெக்க வரேன். போறவ பையை நான் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன், நல்ல சீட்டாப் பாத்து உக்கார வெப்பேன்.

திரும்பி வருவாளாக்கான்னு என்னைக் கேக்காத. எனக்குத் தெரியாது. நான் அவளைக் கேக்கவும் இல்ல, கேக்கவும் மாட்டேன். சாமிகிட்டயும் இந்தத் தடவை வேண்டிக்கல. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. மூணு அடி தூரம்னு எழுதியிருக்கியே, எழுந்து நடந்து போ. அவ திரும்பிப் பாக்கலன்னா முதுகுகிட்டயே பேசு. கிருமி எப்ப வந்துச்சுன்னு தெரியாது, மறைச்சது மட்டும் நான்தான்னு, உன் வாயால சொல்லு.

அக்கா